ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது!

பிள்ளை பெற்றவளுக்கு வென்னீர் போடுவது என்பது எங்கள் வீட்டில் ஒரு யாகம் மாதிரி. என் மாமியார் நொச்சி இலையை முதல் நாளே பறித்து வரச் சொல்லி, அடுக்கி வைத்து, காலையில் கோலம் போட்ட கையோடு "தண்ணி காஞ்சிடுச்சா?" என்று நாலு தரம் கேட்டுவிடுவார். முன்பெல்லாம் கொல்லைப்புறத்தில் விறகடுப்பு உண்டு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெரு தாழ்வு. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அடுப்பும் போயிற்று, விறகும் போயிற்று.

என் நாத்தனார் இரண்டாவது பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். குழந்தைக்கு அன்று இருபத்திரண்டாம் நாள். புயல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அடுப்பு இல்லாததால் பரணில் கிடந்த வாட்டர் ஹீட்டர் கம்பியை எடுத்துப் பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டு வென்னீர் வைத்துக்கொண்டிருந்தோம். பரணில் என்று சொன்னது தப்பு. வெள்ளத்தன்று அது பாத்ரூம் அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு துடைத்துப் பரணில் போட்டேன். இந்தச் சின்ன விஷயம் பின்னால் வரப் போகிறது.

அன்று காலை நாத்தனார் பாத்ரூம் வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, சூடு போதுமான்னு பாக்கட்டுமா?" என்றாள். "இருடி, ஸ்விட்சை அணைச்சிடறேன்" என்றேன். அணைத்தேன். போர்டில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கும் அணைந்தது. "ம், இப்பப் பாரு" என்றேன்.

அவள் விரலை விட்டாள். "அம்மா!" என்று ஒரு சத்தம். அடுத்த கணம் சுவரில் மோதித் தரையில் கிடந்தாள்.

எனக்கு அவளைத் தூக்கத்தான் கை போயிற்று. பின்னாலிருந்து மாமியார், "தொடாதே! பிளக்கைப் பிடுங்கு!" என்று அலறினார். படிப்பறிவு அதிகம் இல்லாதவர், ஆனால் அந்த நேரத்தில் எனக்கில்லாத புத்தி அவருக்கு இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அவளைத் தொட்டேன். கண் திறந்திருந்தது. கை மரத்துப் போய்விட்டது என்றாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்து, ஒரு ராத்திரி வைத்திருந்து பார்த்து, பயமில்லை, குழந்தைக்குப் பால் கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு ராத்திரி இருபத்திரண்டு நாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். மறுநாள் வீட்டில் ஆளாளுக்கு விசாரணை. "ஸ்விட்சை அணைச்சதா நினைச்சிருப்பே. மறந்திருப்பே" என்றார் என் வீட்டுக்காரர். நாத்தனாரின் மாமியார் வந்து, வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதும். சிவப்பு விளக்கு அணைந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்? இரண்டு நாள் போனதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே அணைத்தேனா?

எங்கள் தெருவிலேயே மின்சார வேலையில் தலை நரைத்த ஒரு பெரியவர் இருக்கிறார். அவரைப் போய்க் கூப்பிட்டேன். "ஐயா, நான் அணைச்சேனா இல்லையான்னு உங்க டெஸ்டர் சொல்லுமா?" என்று கேட்டேன். சிரித்தார். "அது சொல்லாதும்மா. ஆனா அணைச்சா என்ன ஆகும்னு சொல்லும்" என்றார்.

பாத்ரூம் வாசலில் இருக்கும் போர்டின் ஸ்விட்சை அணைத்தார். பிளக் சொருகும் மூன்று துளைகளில், நமக்கு எதிரே வலது பக்கத் துளையில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரியவில்லை. இடது பக்கத் துளையில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது! ஸ்விட்ச் அணைந்தே இருக்கிறது, சிவப்பு விளக்கும் எரியவில்லை, ஆனால் துளையில் மின்சாரம் இருக்கிறது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு முறை ஸ்விட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

விஷயம் இதுதான். நம் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று பேஸ், இன்னொன்று நியூட்ரல். 230 வோல்ட் அழுத்தம் இருப்பது பேஸில். நியூட்ரல் என்பது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. அது டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடத்தில் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். ஸ்விட்சும் பியூஸும் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். வெள்ளத்தில் ஊறிப்போன எங்கள் போர்டை மாற்ற, புயலுக்குப் பிறகு ஒரு ஒயர்மேன் கிடைக்கவே நாங்கள் தவம் கிடந்தோம். ஊரெல்லாம் அதே வேலை. வந்தவர் அரை மணியில் மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். கையில் இருந்த ஒரே நிற ஒயரை இரண்டுக்கும் போட்டு, எது பேஸ், எது நியூட்ரல் என்று பார்க்காமல் மாற்றி மாட்டியிருக்கிறார். ஸ்விட்ச் நியூட்ரலில் உட்கார்ந்துவிட்டது.

"ஆனா ஹீட்டர் நல்லாத்தானே வேலை செஞ்சுது?" என்று கேட்டேன். அதுதான் வம்பே என்றார். வேலை செய்வதில் ஒரு குறையும் தெரியாது. பேஸை வெட்டினாலும் நியூட்ரலை வெட்டினாலும் மின்சாரம் ஓடுவது நின்றுவிடும், கம்பி சூடாகாது, விளக்கு அணையும். ஆனால் நியூட்ரலை வெட்டினால் பேஸின் அழுத்தம் கம்பி முழுக்க நின்றுகொண்டிருக்கும். நமக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொன்னார். தொட்டிக்குத் தண்ணீர் வருகிற குழாயை மூடாமல், வெளியே போகிற சாக்கடை வாயில் துணியை அடைத்தால் என்ன ஆகும்? ஓட்டம் நிற்கும், தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்கும். எங்கே ஒரு விரிசல் இருக்கிறதோ அங்கே வழியும். அன்று வழிந்தது என் நாத்தனாரின் கை வழியாக.

சரி, ஹீட்டர் கம்பிக்குள் இருக்கிற மின்சாரம் தண்ணீருக்கு எப்படி வந்தது? அந்தச் சுருள் குழலுக்குள்ளே நிக்ரோம் என்ற கம்பிச் சுருள் இருக்கிறது. அதற்கும் வெளிக்குழலுக்கும் நடுவே வெள்ளை மாவு போல மக்னீசியம் ஆக்ஸைடு திணித்திருப்பார்கள். அது சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது, காய்ந்திருக்கும் வரைக்கும்தான். ஈரத்தை இழுத்துக்கொண்டால் மின்சாரம் கசியும். ஹீட்டரின் சுருள் தண்ணீரில் கிடக்கவே செய்தது. மேலே இருக்கும் கைப்பிடிப் பகுதி தண்ணீருக்கானது அல்ல. எங்கள் ஹீட்டர் வெள்ளத்தில் தலை முழுகி ஊறியது. நான் வெளியே துடைத்தேன், உள்ளே போன ஈரத்தைத் துடைக்க முடியுமா? பெரியவர் அதன் மூடியைத் திறந்து காட்டினார். பச்சைப் பச்சையாய்க் களிம்பு.

அதற்கும் ஒரு காவல் உண்டு. கம்பியின் வெளிக்குழல் எர்த் ஒயரோடு சேர்ந்திருக்க வேண்டும். மூன்று முனைப் பிளக்கின் மேலே இருக்கும் நீளமான, தடியான முனை அதற்குத்தான். அது ஏன் நீளம் தெரியுமா? சொருகும்போது முதலில் அது தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் அது விட வேண்டும். எங்கள் புதுப் போர்டில் எர்த் துளை இருந்தது. அதன் பின்னால் ஒயரே இல்லை! வாசல் மட்டும் வைத்து வீடு கட்டாத கதை.

ஆக மூன்று தப்பு ஒரே இடத்தில் கூடிவிட்டன. ஸ்விட்ச் நியூட்ரலில். எர்த் கிடையாது. ஹீட்டரில் ஈரம். இதில் ஏதாவது ஒன்று சரியாக இருந்திருந்தால் கூட அன்று அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்விட்ச் பேஸில் இருந்திருந்தால் நான் அணைத்ததும் எல்லாம் அடங்கியிருக்கும்.

"பியூஸ் ஏன் போகலை ஐயா?" இது என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. நல்ல கேள்விதான். நம்மில் பல பேர் பியூஸ் நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது காப்பாற்றுவது ஒயரை. மனித உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினாலே இதயத்துக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு ஆம்பியரில் ஆயிரம் மில்லி ஆம்பியர். ஐந்து ஆம்பியர் பியூஸ் எரிய ஐயாயிரத்துக்கு மேல் வேண்டும். கம்பி கட்டும் பழைய பியூஸ் என்றால் அதன் அளவைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஓடினால்தான் சீக்கிரம் எரியும். அதற்குள் ஆள் எங்கே இருப்பார்? புதிதாக வரும் எம்.சி.பி. ஸ்விட்சும் இந்த விஷயத்தில் பியூஸின் தம்பிதான்.

பியூஸ் உயிரைக் காப்பாற்றும் வழி ஒன்று உண்டு. அதற்கு எர்த் துணை வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் உள்ளே ஒயர் உரசி, பேஸ் அதன் உடம்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் சரியாக இருந்தால் மின்சாரம் மளமளவென்று அந்த வழியாகப் பூமிக்குப் பாயும். பேஸில் இருக்கும் பியூஸ் அந்த வேகத்தைத் தாங்காமல் எரியும். பெட்டி செத்துவிடும், நாம் பிழைத்துக்கொள்வோம். இதே பியூஸ் நியூட்ரலில் இருந்தால்? எர்த் வழியாகப் போகும் மின்சாரம் நியூட்ரலுக்கே வருவதில்லை. பியூஸுக்குச் சேதி போகாது. பெட்டியின் உடம்பில் மின்சாரம் நிற்கும், பியூஸ் பத்திரமாக இருக்கும்.

இது ஏதோ பெரியவர் சொந்தமாகச் சொன்னதல்ல. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 32-ஆம் விதியே இதுதான்: பூமியோடு இணைந்த நியூட்ரலில் தனியாகப் பியூஸோ ஸ்விட்சோ வைக்கக் கூடாது, வைத்தால் பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் சேர்த்து வெட்டுகிற இரட்டை ஸ்விட்சாக இருக்க வேண்டும். பிறகு 2010-இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தபோதும் இது தொடர்ந்தது.

விதி 1956-இல் வந்துவிட்டது, எங்கள் வீடு அதற்கு முந்தியது. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு. புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல்தான் இந்தியாவின் கைக்கு வந்தது. மெயின் போர்டில் இரண்டு பீங்கான் பியூஸ் கட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்று பேஸுக்கு, ஒன்று நியூட்ரலுக்கு. அந்தக் காலத்தில் பல இடங்களில் இப்படி இரண்டிலும் வைப்பது வழக்கம். இரண்டு காவல்காரர்கள் இருந்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்திருந்தேன். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். நியூட்ரல் கட்டை முதலில் எரிந்தால் வீடு இருண்டுவிடும், மின்சாரமே இல்லை என்று நினைத்து பல்பைக் கழற்றுவோம், ஒயரைத் தொடுவோம். பேஸ் உயிரோடு காத்துக்கொண்டிருக்கும். பழைய வீட்டில் இருக்கும் சகோதரிகள் போர்டைத் திறந்து பாருங்கள் என்று சொல்ல மாட்டேன், திறக்காதீர்கள். விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டு, "நியூட்ரல்ல பியூஸ் இருக்கா?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

பியூஸ் கம்பியைப் பற்றி எழுதும்போது என் மறைந்த மாமனாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றிலும் ஒழுங்கானவர். பியூஸ் இரண்டு தரம் போனால் மூன்றாம் தரம் ஒயரைச் சீவி நாலைந்து செம்பு இழைகளை முறுக்கிக் கட்டிவிட்டு, "இனி ஜென்மத்துக்கும் போகாது" என்று பெருமையாகச் சொல்வார். போகாது, வாஸ்தவம். அப்புறம் எரிவது சுவருக்குள் இருக்கும் ஒயர். ஐந்து ஆம்பியர் பியூஸ் கம்பி 0.2 மில்லிமீட்டர் தடிமன், அதாவது தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு. பதினைந்து ஆம்பியருக்கு அரை மில்லிமீட்டர். கடையில் அட்டையில் சுற்றி விற்பார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ளச் சோம்பல் படுகிறோம்.

எத்தனை ஆம்பியர் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பால் கணக்குப் போடத் தெரிந்தால் போதும். சாதனத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் வாட்ஸை 230-ஆல் வகுக்க வேண்டும். ஆயிரம் வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி நாலரை ஆம்பியருக்குள் அடங்கும். 1500 வாட்ஸ் ஹீட்டர் கம்பிக்கு ஆறரை வரும். இரண்டாயிரம் வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர் இவற்றுக்கு எட்டே முக்கால். மூவாயிரம் வாட்ஸ் உடனடி கீசருக்குப் பதின்மூன்று. நம் வீட்டுச் சின்ன பிளக் துளை ஆறு ஆம்பியருக்கு, பெரியது பதினாறுக்கு. இப்போது சொல்லுங்கள், ஆறரை ஆம்பியர் ஹீட்டரை ஒரு கன்வெர்ட்டர் பிளக் மாட்டிச் சின்னத் துளையில் சொருகுவது என்ன நியாயம்? நான் மூன்று வருஷம் அதைத்தான் செய்தேன். பிளக் பழுப்பேறி, லேசாகத் தீய்ந்த வாடை வந்தபோது கூட, "பழசாயிடுச்சு போல" என்று புதுக் கன்வெர்ட்டர் வாங்கினேன். சுவருக்குள் போகும் ஒயரும் அதற்கேற்ப இருக்க வேண்டும்: விளக்குக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர், பதினாறு ஆம்பியர் பிளக்குக்கு இரண்டரை, கீசருக்கு நாலு என்று பெரியவர் கணக்குச் சொன்னார்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு தனி விவகாரம் உண்டு. வேறு ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே தெருவுக்கு நாலு வீட்டிலாவது பிரான்சில் சொந்தம் இருக்கும். அந்தக் காலத்து சொல்தாக்களின் பேரன் பேத்திகள் லீவுக்கு வரும்போது கெட்டில், இஸ்திரிப் பெட்டி, தலை உலர்த்தும் மிஷின் எல்லாம் வந்து இறங்கும். அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட். அப்புறம் என்ன பயம்? பயம் பிளக்கில்தான். பிரான்சு பிளக்கில் இரண்டு உருண்டை முனைகள்தான் நீட்டிக்கொண்டிருக்கும். எர்த் முனை பிளக்கில் இல்லை, அங்கே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்கில் அதற்கு ஒரு துளை. அந்த இரண்டு முனைகளும் நம் சின்ன பிளக் துளைக்குள் போய்விடும், இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முனை கொஞ்சம் ஒல்லி, ஆடும், சூடேறும். எர்த் கிடைக்கவே கிடைக்காது. திருப்பிச் சொருகினால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். நம் பிளக்கில் எர்த் துளைக்குள் ஏதாவது போனால்தான் மற்ற இரண்டும் திறக்கிற மூடி இருக்கும், அதற்காக ஒரு பேனா மூடியை மேல் துளையில் செருகிக்கொண்டு பிரான்சு கெட்டிலை மாட்டுகிற புத்திசாலிகள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். சின்ன விஷயம்: பிளக்கை வெட்டிவிட்டு நம்மூர் மூன்று முனைப் பதினாறு ஆம்பியர் பிளக்கைத் தெரிந்தவரை வைத்துப் போட்டுக்கொண்டால் முடிந்தது. பழுப்பு நிற ஒயர் பேஸ், வெளிர் நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். நம் வீட்டுச் சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் சிவப்பு, கறுப்பு, பச்சை. பழைய வீட்டில் நிறத்தை நம்பக் கூடாது, டெஸ்டரைத்தான் நம்ப வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் சாமான்களில் இன்னொரு விதம். பட்டையான மூன்று முனை. பிளக்கின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சின்னக் குழல் பியூஸ். இது இங்கிலாந்தில் 1947-இல் வந்த முறை. அங்கே ஒரே வளையமாக ஒயரை வீடு முழுக்கச் சுற்றி, அதிலிருந்தே எல்லாப் பிளக்கையும் எடுக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு சாதனத்தின் மெல்லிய ஒயருக்கும் தனிக் காவல் தேவைப்பட்டது. பேஸ் முனைக்கு உள்ளேதான் அந்தப் பியூஸ். சிவப்பு எழுத்து என்றால் மூன்று ஆம்பியர், பழுப்பு என்றால் பதின்மூன்று. இஸ்திரிப் பெட்டிக்கும் கெட்டிலுக்கும் பதின்மூன்று. நம் பிளக்கில் இது கிடையாது. அதனால்தான் நாம் போர்டில் இருக்கும் பியூஸை அளவோடு வைக்க வேண்டியிருக்கிறது.

சாதனத்துக்கு உள்ளேயும் ஒரு பியூஸ் உண்டு, அது சூட்டுக்கு. எங்கள் ரைஸ் குக்கர் ஒரு நாள் திடீரென்று நின்றது. ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கால் மணியில் வந்துவிட்டது. "ஒரு சின்ன பியூஸ் போயிருந்துச்சுக்கா, டைரக்டா குடுத்துட்டேன், இனிமே பிரச்னையே வராது" என்றார் பையன். நானும் சந்தோஷமாக வாங்கி வந்தேன். என் மாமனாரின் "ஜென்மத்துக்கும் போகாது" நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. குக்கரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு சூடு ஏறிக்கொண்டே போனால், கடைசிக் காவலாகத் தானே அறுந்து மின்சாரத்தை நிறுத்துவது அந்தச் சின்ன உருளைதான். அதன் மேலேயே எத்தனை டிகிரி, எத்தனை ஆம்பியர் என்று பொறித்திருக்கும். அதே டிகிரி, அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே அது அறுந்துவிடும், அதனால் நெருக்கித்தான் இணைக்க வேண்டுமாம். பையனுக்கு அந்தச் சிரமம் எதற்கு? ஒரு துண்டு ஒயரைப் போட்டு முடித்துவிட்டார். குக்கராவது போகட்டும்; கீசரில் இந்த மாதிரி "டைரக்ட்" கொடுத்தால், தெர்மோஸ்டாட் பழுதான அன்று தண்ணீர் கொதித்துக்கொண்டே போகும்; அழுத்தம் வெளியேறும் வால்வும் உப்புப் படிந்து அடைத்திருந்தால் டாங்க் வெடிக்கும். ரிப்பேருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது, "கழட்டின பழைய பாகத்தைக் குடு தம்பி" என்று கேட்கிறேன் இப்போது. கேட்டால் ஒரு மரியாதை வருகிறது.

பெரியவர் சொல்லி எங்கள் வீட்டில் செய்தவற்றைச் சொல்கிறேன். பாத்ரூம் போர்டைக் கழற்றி, பேஸை ஸ்விட்சுக்கும் நியூட்ரலை நேராகத் துளைக்கும் கொடுத்தார். மெயினில் நியூட்ரல் பியூஸ் கட்டையை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்து வெட்டும் ஸ்விட்ச் வைத்தார். எர்த் பைப் கொல்லையில் துருப்பிடித்து ஒடிந்து கிடந்தது; கடற்கரை ஊரில் உப்புக் காற்றுக்கு இரும்பு எத்தனை நாள் தாங்கும்? புதுப் பைப் இறக்கிக் கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். எங்கள் மணல் பூமி சித்திரையில் காய்ந்து பொடியாகிவிடும், அப்போது வாரம் ஒரு பக்கெட் தண்ணீர் அதில் ஊற்ற வேண்டும். துளசி மாடத்துக்கு ஊற்றும்போது அதற்கும் ஊற்றிவிடுகிறார் என் மாமியார்.

பிறகு ஆர்.சி.சி.பி. என்று ஒரு பெட்டி. இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார்; நான் ஆஸ்பத்திரி பில்லை எடுத்து வைத்தேன், முணுமுணுப்பு நின்றது. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் எடை போட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ யார் உடம்பு வழியாகவோ கசிகிறது என்று அர்த்தம். கண் இமைக்கும் நேரத்தில் மெயினை வெட்டிவிடும். பியூஸால் முடியாததை இது செய்கிறது. அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு தரம் அழுத்திப் பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு மாசமும் கேபிள் பணம் கொடுக்கும் நாளில் அழுத்துகிறேன். டப்பென்று வீடு முழுக்க அணையும், டி.வி. பார்க்கும் மாமியார் கத்துவார், மறுபடி ஏற்றிவிடுவேன்.

புது ஹீட்டர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்தேன். ஹீட்டர் கம்பி, இஸ்திரிப் பெட்டி, கீசர், மின்சார அடுப்பு இவற்றுக்கெல்லாம் 2003-ஆம் ஆண்டு ஆணையின்படி அது கட்டாயமாக்கப்பட்டது. ஹீட்டர் கம்பிக்கு முத்திரையின் மேலே ஐ.எஸ். 368 என்று இருக்க வேண்டும். கீழே லைசென்ஸ் எண். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் நிஜமா போலியா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் எதிரிலேயே என் பையன் போட்டுப் பார்த்தான். முதலில் காட்டிய ஹீட்டரைக் கடைக்காரர் சத்தமில்லாமல் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்!

இப்போது எங்கள் வீட்டில் வழக்கம் இப்படி. பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, கம்பியை வைத்து, அப்புறம் பிளக். முடிந்ததும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, பிளக் என் கையில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் யாரும் தண்ணீரைத் தொடலாம். கம்பியைத் தண்ணீரிலேயே ஒரு நிமிஷம் ஆற விட்டு எடுக்கிறோம். உலோக வாளி கூடவே கூடாது. பாத்ரூமுக்குள் யாரும் இருக்கும்போது ஹீட்டர் போடுவதில்லை. ஒருவேளை யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் முதலில் மெயினோ பிளக்கோ. அது எட்டாவிட்டால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ள வேண்டும். மூச்சு இல்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டுக்கொண்டே மார்பை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சின்ன ஷாக்தானே என்று பிள்ளை பெற்றவளையும் இதய நோயாளியையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. டாக்டர் ஒரு ஈ.சி.ஜி. பார்த்துவிடட்டும். வெள்ளம் புகுந்த வீட்டில் போர்டு, பிளக், ஹீட்டர் எதையும் காய்ந்துவிட்டது என்று நாமே முடிவு செய்து போடக் கூடாது. மெயினை அணைத்து வைத்துவிட்டு ஆள் வரும் வரை இருட்டிலேயே இருந்துவிடலாம்.

நாத்தனார் மூன்றாம் மாசம் முடிந்து புறப்பட்டபோது அவள் மாமியாரே கூட்டிப் போக வந்தார். போர்டைக் காட்டச் சொன்னார். நான் டெஸ்டரை எடுத்து, ஸ்விட்சை அணைத்து, இரண்டு துளையிலும் வைத்துக் காட்டினேன். எரியவில்லை. "எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு பாத்துடணும். அந்தப் பெரியவர் வருவாரா?" என்று கேட்டார். முகவரி எழுதிக் கொடுத்தேன்.

பழைய ஹீட்டர் கம்பியைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார் வீட்டுக்காரர். போடுவதற்கு முன்னால் அதன் ஒயரை அடியோடு வெட்டிவிட்டேன். யாராவது எடுத்துத் துடைத்து, மறுபடி ஒரு பிளக் மாட்டிவிட்டால்?